டிஸ்க் பாதிதான் தெரிகிறதா? ஃபார்மேட்டை அழுத்தாதீர்கள்

மறுபடியும் ஒரு கல்யாண ஸ்டுடியோ டிஸ்க். 4 டெரா எக்ஸ்டர்னல் டிஸ்க்கை அதன் பெட்டியிலிருந்து பிரித்து, உள்ளே மாட்டினால் வேகமாக இருக்கும் என்று டெஸ்க்டாப்பில் சாட்டா கேபிளில் (டிஸ்க்கை மதர்போர்டோடு நேராக இணைப்பது) செருகியிருக்கிறார்கள். ஃபார்மேட் செய்யவா என்று விண்டோஸ் கேட்டது, சரி என்றார்கள். அப்புறம் கொள்ளளவு குறைவாகத் தெரிகிறதே என்று இன்னொரு தடவை ஃபார்மேட். அதற்கும் மேலே, காலியாகத்தானே இருக்கிறது என்று புது ஃபுட்டேஜையும் அதில் கொட்டிவிட்டு, பழைய கல்யாணங்கள் வேண்டும் என்று வருகிறார்கள். புதிதாக எழுதப்பட்ட இடத்தில் முன்பு இருந்ததை எந்த ரிக்கவரி மென்பொருளாலும் எடுக்க முடியாது. இப்படி வருவது இது முதல் டிஸ்க் இல்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில், தினமும் கேட்டுக் கேட்டு எரிச்சலாகிவிட்ட ஒன்றை முடித்துவிடுகிறேன். 1 டெரா வாங்கினேன், 931 ஜிபிதான் காட்டுகிறது, கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்கிறார்கள். இல்லை, ஏமாற்றவில்லை. டிஸ்க் தயாரிப்பவர்களின் கணக்கில் 1 டெரா என்பது ஒரு லட்சம் கோடி பைட். அந்த ஒரு லட்சம் கோடியும் உங்கள் டிஸ்க்கில் இருக்கிறது. விண்டோஸ் அதை 1024-ஆல் மூன்று முறை வகுத்துவிட்டு, வருகிற 931-க்குப் பக்கத்தில் ஜிபி என்று போடுகிறது. அதே டிஸ்க்கை 2009-க்குப் பிந்தைய மேக்கில் செருகுங்கள், முழு 1 டெரா என்றே காட்டும், ஏனென்றால் அது ஆயிரத்தால் வகுக்கிறது. 2 டெராவுக்கு 1863, 4 டெராவுக்கு 3726, 8 டெராவுக்கு 7452 என்று தெரிந்தால் உங்கள் டிஸ்க் முழுசாக இருக்கிறது என்று அர்த்தம். வைரஸ் இல்லை, மறைந்திருக்கும் பார்ட்டிஷன் (டிஸ்க்கைப் பிரித்து வைத்த பகுதி) இல்லை, ஃபார்மேட் போட்டால் "திரும்பி வரும்" இடமும் இல்லை. அந்த 69 ஜிபியை மீட்டுத் தருகிறேன் என்று சொல்லும் மென்பொருள் எதையும் தயவுசெய்து இறக்காதீர்கள்.

உண்மையில் கவனிக்க வேண்டிய எண்கள் வேறு. 3726 வர வேண்டிய இடத்தில் 2048 மட்டும் வந்து, மீதி 1678 ஜிபி 'அன்அலோகேட்டட்' (ஒதுக்கப்படாத இடம்) என்று கருப்புப் பட்டையில் கிடந்தால், டிஸ்க் எம்பிஆர் முறையில் இருக்கிறது. அந்தப் பழைய பார்ட்டிஷன் அட்டவணையில் செக்டர் (டிஸ்க் தரவை எழுதும் சின்னத் துண்டு) எண்ணுக்கு 32 பிட்தான் இடம். கிட்டத்தட்ட 429 கோடி செக்டர், ஒவ்வொன்றும் 512 பைட், பெருக்கினால் 2.2 டெராவோடு, விண்டோஸ் கணக்கில் அந்த 2048 ஜிபியோடு, முடிந்துவிடுகிறது. ஜிபிடி என்ற புது முறைக்கு மாற்றினால் முழுசும் கிடைக்கும். ஆனால் விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் மாற்றுவதென்றால் இருக்கிற பார்ட்டிஷன்களை எல்லாம் அழித்தாக வேண்டும், அதனால் தரவை வேறு டிஸ்க்குக்கு நகலெடுத்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். இதற்காகப் புது மதர்போர்டு வாங்கச் சொல்லும் ஆட்களும் இருக்கிறார்கள், அவர்களிடம் காசைக் கொடுத்துவிடாதீர்கள். 2.2 டெராவுக்கு மேற்பட்ட டிஸ்க்கை முழுசாகப் பயன்படுத்தி அதிலிருந்தே விண்டோஸ் பூட் ஆக வேண்டும் என்றால்தான் யூஇஎஃப்ஐ (பயாஸுக்குப் பதிலாக வந்த புது ஸ்டார்ட்அப் முறை) தேவை. வெறும் தரவு டிஸ்க்காக வைக்கப் பெரும்பாலும் பழைய பயாஸ் போர்டே போதும்.

3 டெரா டிஸ்க் 746 ஜிபி என்று காட்டினால் அது இன்னும் மோசம். பழைய சாட்டா கன்ட்ரோலர் டிரைவரோ, பழைய யுஎஸ்பி டாக்கோ (டிஸ்க்கைச் செருகும் ஸ்டாண்டு) 2.2 டெராவைத் தாண்டி எண்ணத் தெரியாமல் மறுபடி பூஜ்யத்திலிருந்து எண்ணுகிறது, மிச்சம்தான் அந்த 746. அந்த நிலையில் ஒரு ஃபைல்கூட எழுதாதீர்கள். டிரைவரைப் புதுப்பியுங்கள், இல்லை டாக்கை மாற்றுங்கள்.

சரி, ஸ்டுடியோக்காரர்கள் மாட்டிக்கொள்ளும் இடத்துக்கு வருகிறேன். சில எக்ஸ்டர்னல் பெட்டிகளுக்குள் இருக்கும் சின்ன போர்டு, 512 பைட் செக்டரை 4096 பைட் என்று கணினியிடம் சொல்லும். பழைய விண்டோஸ் எக்ஸ்பி போட்ட கணினியிலும் பெரிய டிஸ்க் வேலை செய்ய வேண்டும் என்று வைத்த ஏற்பாடு அது. டிஸ்க்கை வெளியே எடுத்து நேராகச் செருகியதும் எண்ணிக்கை எட்டு மடங்கு பிசகிவிடும், பார்ட்டிஷன் எங்கே தொடங்குகிறது என்றே விண்டோஸுக்குத் தெரியாது. அதனால்தான் ரா (ஃபார்மேட் அடையாளம் தெரியாத டிஸ்க்) என்று காட்டுகிறது, ஃபார்மேட் கேட்கிறது. உள்ளே படங்கள் எல்லாம் அப்படியே இருக்கும்! கேன்சல் கொடுத்துவிட்டு, அதே பெட்டிக்குள் திரும்ப வைத்தால் பெரும்பாலும் எல்லாம் தெரியும். சில பெட்டிகள் தரவைப் பூட்டி எழுதும் என்கிரிப்ஷனும் செய்கின்றன, அந்த போர்டைத் தூக்கிப் போட்டுவிட்டால் டிஸ்க் நன்றாக இருந்தும் படிக்க முடியாது. காலிப் பெட்டியைக் குப்பையில் போடாமல் என்னிடம் கொண்டுவாருங்கள் என்று கெஞ்சியே கேட்கிறேன்.

எடை மேடையிலும் பழைய மெஷின்களிலும் இன்னும் எக்ஸ்பி ஓட்டுபவர்களுக்கு: 32 பிட் எக்ஸ்பிக்கு ஜிபிடி புரியாது. சர்வீஸ் பேக் 1 என்ற முதல் திருத்தத் தொகுப்புகூட இல்லாத எக்ஸ்பி என்றால் 137 ஜிபியே எல்லை, அதைத் தாண்டி எழுதினால் தரவு கெட்டுப்போக வாய்ப்பு உண்டு. அங்கே பெரிய டிஸ்க் மாட்டாதீர்கள், அவ்வளவுதான்.

புது டிஸ்க் என்றால், 'இனிஷியலைஸ்' (முதன்முறையாகத் தயார்செய்வது) கேட்கும்போது ஜிபிடி தேர்ந்தெடுங்கள், யோசிக்கவே வேண்டாம். தரவு உள்ள டிஸ்க் என்றால் இனிஷியலைஸும் வேண்டாம், ஃபார்மேட்டும் வேண்டாம், பிழை பார்க்கும் செக்டிஸ்க்கும் வேண்டாம், டிஸ்க்கைக் கழற்றி வைத்துவிட்டுக் கூப்பிடுங்கள். விண்டோஸ் இருக்கும் எம்பிஆர் டிஸ்க்கை ஜிபிடி ஆக்க, விண்டோஸ் 10-இன் 1703 பதிப்பிலிருந்தே எம்பிஆர்2ஜிபிடி என்ற கருவி வருகிறது. தரவை அழிக்காமல் மாற்றும், ஆனாலும் பேக்கப் எடுக்காமல் ஓட்டாதீர்கள், முடிந்ததும் பயாஸில் யூஇஎஃப்ஐ முறைக்கு மாற்ற மறக்காதீர்கள். கல்யாண ஃபுட்டேஜ் ஒரே டிஸ்க்கில் மட்டும் இருந்தால் அதைப் பேக்கப் என்று சொல்லாதீர்கள், இரண்டாவது டிஸ்க் வாங்குங்கள்.

இன்னொன்று. எக்ஸ்டர்னலிலிருந்து எடுத்த பெரிய டிஸ்க் சுற்றவே இல்லை என்றால் செத்துவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். சில புது டிஸ்க்குகளில் சாட்டா பவர் கனெக்டரின் மூன்றாவது பின்னில் 3.3 வோல்ட் வந்தால் டிஸ்க் அணைந்தே இருக்கும், பழைய எஸ்எம்பிஎஸ்கள் (கணினியின் பவர் சப்ளை) அந்த வோல்ட்டைக் கொடுத்துக்கொண்டே இருக்கும். 3.3 வோல்ட் கம்பியே இல்லாத மோலெக்ஸ் (பழைய நான்கு பின் பவர் கனெக்டர்) அடாப்டர் வழியாகக் கொடுத்தால் சுற்றும். வார்த்து ஒட்டிய மலிவு அடாப்டர் மட்டும் வேண்டாம், அவை உருகி எரிந்திருக்கின்றன. கம்பியைத் தனித்தனியாக அழுத்திப் பொருத்திய வகையைக் கேட்டு வாங்குங்கள்.