கரியமில வாயு கறுப்பா?

'கார்பன் உமிழ்வைக் குறைக்க வேண்டும்' என்று தினமும் செய்தித்தாளில் படிக்கிறோம். அந்தக் கார்பனுக்குத் தமிழ் என்ன என்று கேட்டால் 'கரி' என்பார்கள் சிலர், 'கரியமில வாயு' என்பார்கள் சிலர். இரண்டும் முழுச்சரி இல்லை.

முதலில் கரி. மதுரையில் இந்தச் சொல்லைக் காதால் கேட்டால் கறி தோசைதான் நினைவுக்கு வரும்; அது பெரிய ற. நமக்கு வேண்டியது சின்ன ர, அதாவது அடுப்புக்கரி. (குறளில் 'இந்திரனே சாலுங் கரி' என்று வருகிற கரி வேறு. அங்கே அதற்குச் சாட்சி என்று பொருள்.) கார்பனுக்கு மூலமான 'கார்போ' என்ற லத்தீன் சொல்லும் அடுப்புக்கரியைத்தான் குறித்தது. 1787-இல் பிரெஞ்சு வேதியியலாளர் லவாய்சியேவும் கூட்டாளிகளும் வேதிப்பொருள்களுக்குப் புதுப்பெயர் வைத்தபோது அதிலிருந்தே தனிமத்தின் பெயரை எடுத்தார்கள். நாமும் அதே வழியில் கரியிலிருந்து 'கரிமம்' செய்துகொண்டோம். கரி என்பது பொருள், கரிமம் என்பது அதிலுள்ள தனிமம்.

அப்புறம் கரியமில வாயு. இதைக் 'கரிய' என்று பிரித்துக் கறுப்பு வாயு என்று நினைப்பவர்கள் உண்டு. பள்ளியில் நானும் அப்படித்தான் நினைத்தேன். பிரிக்க வேண்டியது கரி + அமில + வாயு. நடுவில் உள்ள யகரம் வெறும் உடம்படுமெய். தண்ணீரில் கரைந்தால் லேசான அமிலம் ஆவதால் வந்த பழைய பெயர் அது. கோலி சோடா நாக்கில் சுரீர் என்பது இதனால்தான். வாயுவுக்கு நிறமும் கிடையாது, மணமும் கிடையாது. பெரியார் பேருந்து நிலையத்தில் பஸ் கக்குகிற கறுப்பு, புகைக்கரி. புகையே தெரியாத பஸ்ஸும் ஒரு லிட்டர் டீசல் எரித்தால் சுமார் 2.7 கிலோ கரியமில வாயுவை விட்டுவிட்டுத்தான் போகிறது.

ஒரு லிட்டரில் இத்தனை கிலோவா? எங்கள் தெரு இஸ்திரி வண்டியில் இதற்கு விடை இருக்கிறது. காலையில் பெட்டி நிறையக் கரி போடுவார், சாயங்காலம் தட்டினால் ஒரு கைப்பிடிச் சாம்பல். "மிச்சமெல்லாம் எங்கண்ணே?" என்றேன். "அம்புட்டும் காத்தாப் போயிருச்சு, சாம்பல் மட்டுந்தேன் நமக்கு" என்றார். போன கரி, காற்றிலிருக்கும் ஆக்சிஜனையும் சேர்த்துக்கொள்கிறது. 12 பங்கு கரிமத்தோடு 32 பங்கு ஆக்சிஜன் கூடி 44 பங்கு வாயு ஆகிறது. அதாவது ஒரு கிலோ கரிமம் முழுதாக எரிந்தால் கிட்டத்தட்ட 3.7 கிலோ.

அவர் வாங்குவது சீமைக்கருவேலங்கரி. மானாமதுரை, பரமக்குடிப் பக்கம் மூட்டம் போட்டுச் சுட்டு வருவது. அந்த மரம் சில ஆண்டுகளுக்கு முன் காற்றிலிருந்து எடுத்த கரிமம்தான் திரும்பப் போகிறது. வெட்டிய கட்டை மறுபடி துளிர்த்தால் திரும்பவும் எடுத்துக்கொள்ளும். நிலக்கரி அப்படியில்லை, கோடிக்கணக்கான ஆண்டுகளாகப் புதைந்து கிடந்தது. 2070-க்குள் நிகர சுழியம், அதாவது காற்றில் விடுவதும் அதிலிருந்து திரும்ப எடுப்பதும் சமமாகிவிடும் என்று இந்தியா 2021-இல் சொன்னதில் பெரிய இடைஞ்சல் இந்தக் கரிதான்.

எமிஷனுக்கு 'வெளியீடு' என்று எழுதினால் தமுக்கம் மைதானத்தில் புத்தகம் வெளியிடுவது போலிருக்கிறது. 'வெளியேற்றம்' சாக்கடை நீருக்குப் பொருந்தும். உமிழ்நீரில் இருக்கிற 'உமிழ்' எனக்குப் பிடிக்கிறது. துப்பியவர் ஒருவர் இருக்கிறார் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறது. ஆகவே கரிம உமிழ்வு. 'கார்பன் உமிழ்வு' என்றாலும் எனக்குச் சண்டையில்லை. 'கரி உமிழ்வு' மட்டும் வேண்டாம், புகைக்கரியோடு குழம்பும்.

போன மாதம் இஸ்திரி அண்ணன் கேஸ் பெட்டிக்கு மாறிவிட்டார். "இனி கரியே இல்ல தம்பி" என்றார். கரி இல்லை, சரிதான். சிலிண்டருக்குள் இருக்கிற புரொப்பேனிலும் பியூட்டேனிலும் கரிமம் இருக்கிறது என்று சொல்ல வாயெடுத்தேன். சட்டை சூடாகக் கைக்கு வந்துவிட்டது.