தீவனத்தில் குருணை கலப்பதற்கு முன்

2022-இல் தீவன விலை ஏறிக்கொண்டிருந்த சமயம் செபராங் பிறையில் ஒரு பிராய்லர் பண்ணைக்குப் போயிருந்தேன். 32 நாள் கோழிகள். எடை கொஞ்சம்தான் குறைவு. ஆனால் அறுத்துப் பார்த்தபோது நெஞ்சுக்கறி மெலிந்திருந்தது, வயிற்றுக்குள் கொழுப்பு அப்பிக் கிடந்தது.

"மூட்டைத் தீவனத்தில் ஐந்தில் ஒரு பங்கு குருணை கலக்கிறேன், டாக்டர். அரிசியிலும் புரதம் இருக்குதானே?" என்றார் பண்ணைக்காரர்.

இருக்கிறது, சுமார் 8 சதவீதம். மூட்டையில் 19 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், கலந்தபின் 16.8தான் மிஞ்சும். சரி, அந்த எண்ணைவிட எனக்குக் கவலை லைசின், அதாவது புரதத்தைக் கட்டும் அமினோ அமிலங்களில் ஒன்று. அரிசியில் அது மிகக் குறைவு. லைசின், மெத்தியோனின், திரியோனின் ஆகிய அமினோ அமிலங்களில் ஒன்று பற்றாமல் போனாலும் தசை வளர்ச்சி அங்கேயே நின்றுவிடும். மற்ற அமினோ அமிலங்கள் வந்தும் பயனில்லை, எரிந்துபோகும். கூடுதலாக வந்த மாவுச்சத்தோ கொழுப்பாகப் படியும். அந்தக் கோழிகளின் வயிற்றில் நான் பார்த்தது அதைத்தான்.

பலரும் கவனிக்காத இன்னொன்று, செரிக்கும் வேகம். அரிசி மாவுச்சத்து சிறுகுடலின் மேற்பகுதியிலேயே வேகமாகச் செரித்துவிடும். சோயாப் புண்ணாக்கின் புரதம் மெதுவாகத்தான் உடையும். தீவன ஆலையில் தனியாகச் சேர்க்கும் லைசினுக்குச் செரிமானமே தேவையில்லை, உடனே இரத்தத்துக்குப் போய்விடும். தசை கட்டுவதற்கு எல்லா அமிலங்களும், அதற்கான சக்தியும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் வந்து சேர வேண்டும். குடல் சுவரும் சும்மா இருப்பதில்லை. தன் தேவைக்கு குளூட்டமேட் போன்ற அமினோ அமிலங்களை எரிக்கும். நம் ஊர் மதிய வெயிலில் தீவனத்தைத் தொடாமல் இருந்துவிட்டு, மாலையில் மொத்தமாகத் தின்னும் கோழிக்கு இந்த நேரப் பொருத்தம் இன்னும் கெடும். அதனால்தான் தட்டு காலியாகாமல் பார்த்துக்கொள்ளுங்கள், கொட்டகையைக் குளிர்ச்சியாக வையுங்கள் என்று போகிற இடமெல்லாம் சொல்கிறேன்.

அப்படியானால் புரதத்தைக் கூட்டிவிடலாமே என்று சோயாவை அள்ளிப் போடுபவர்களும் உண்டு. அதுவும் தவறு. மிஞ்சும் நைட்ரஜனைக் கோழி யூரிக் அமிலமாக வெளியேற்றுகிறது. அதில் ஒவ்வொரு மூலக்கூறுக்கும் ஒரு கிளைசினைச் செலவழிக்கிறது. தண்ணீரும் அதிகம் குடிக்கும். தரைப் படுக்கை நசநசவென்று ஈரமாகி, அம்மோனியா கண்ணை எரித்து, பாதத்தில் புண் வரும்.

புரதத்தைக் குறைக்கவே கூடாதா? குறைக்கலாம். ஆனால் லைசின், மெத்தியோனின், திரியோனின் மூன்றை மட்டும் வாங்கிப் போட்டுவிட்டுக் குறைத்தால் வாலின், ஐசோலூசின், ஆர்ஜினின், கிளைசின் என்று அடுத்தடுத்துப் பற்றாக்குறை வரும். அது ஆலையில் தீவன ஃபார்முலா போடுபவர் கணக்குப் பார்த்துச் செய்யும் வேலை. கொட்டகையில் வாளியால் அளந்து செய்கிற வேலை அல்ல.

அந்தப் பண்ணைக்காரரிடம் குருணையை நிறுத்தச் சொன்னேன். மலிவாகக் கிடைக்கிற குருணையைப் பயன்படுத்தியே ஆக வேண்டுமென்றால், அதன் மாதிரியை ஆலைக்கு எடுத்துப்போய், அதையும் சேர்த்து ஃபார்முலாவை மாற்றித் தரச் சொல்லுங்கள் என்றேன். மறுநாளே ஒரு பையில் கட்டி எடுத்துப்போனார்.