'நெக்ஸ்ட்' பொத்தானுக்குப் பின்னால் ஏறுவது என்ன?

திருப்பூரில் சின்ன ஜாப் ஒர்க் யூனிட் என்றால் ஆபீசில் ஒரு கம்ப்யூட்டர் இருக்கும். ஜிஎஸ்டி, நெட் பேங்கிங், பையர் மெயில் எல்லாம் அதில்தான். அவசரத்துக்கு ஒரு பிடிஎஃப்பை எக்செலாக மாற்ற இலவச மென்பொருள் ஒன்றை இறக்குவார்கள். மறுநாள் பிரவுசரைத் திறந்தால் முகப்பே மாறியிருக்கும். வைரஸ் என்று திட்டுவோம். பல நேரம் அது நாமே 'சம்மதித்து' ஏற்றியதுதான்.

இறங்கியது மென்பொருளைச் சுற்றிக் கட்டிய ஒரு இன்ஸ்டாலர். கூடவே ஏறும் ஒவ்வொரு நிரலுக்கும் விளம்பர நிறுவனம் காசு தரும். திரையில் 'எக்ஸ்பிரஸ்' என்ற பொத்தான் பச்சையில் பளிச்சென்று இருக்கும். 'கஸ்டம்' வெளிறிய சாம்பல் எழுத்தில், அழுத்தவே முடியாததுபோல் கிடக்கும். அதை அழுத்தினால்தான் முன்கூட்டியே டிக் போட்டுவைத்த கட்டங்கள் கண்ணில் படும்.

ஈரோடு கருங்கல்பாளையம் மாட்டுச்சந்தையில் துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசுவார்கள். சுற்றி நிற்பவர்களுக்குத்தான் அது மறைவு. விற்பவருக்கும் வாங்குபவருக்கும் விலை தெளிவாகத் தெரியும். இங்கே வாங்குகிறவருக்கு மட்டும் விலை தெரியாது. இதை வியாபாரம் என்று என்னால் ஏற்க முடியவில்லை.

மென்பொருளை எழுதியவருக்கும் வருமானம் வேண்டாமா என்று கேட்பார்கள். வேண்டும். ஆனால் 2011இல் டவுன்லோட்.காம் தளம் என்மேப் என்ற இலவசக் கருவியோடு டூல்பார் ஒன்றைச் சேர்த்துக் கொடுத்தது. அதை எழுதிய கோர்டன் லயனே வெளிப்படையாக எதிர்த்தார்.

காசு கொடுத்து வாங்கிய லேப்டாப்பும் தப்பவில்லை. 2014இல் லெனோவோவின் சில மாடல்களில் சூப்பர்ஃபிஷ் என்ற விளம்பர நிரல் முன்பே ஏற்றப்பட்டிருந்தது. வங்கித் தளத்துக்கும் பிரவுசருக்கும் நடுவில் உட்கார்ந்து, பூட்டிய தகவலைப் பிரித்துப் பார்த்து விளம்பரம் செருக, அது விண்டோசில் தன் சொந்த ரூட் சான்றிதழைப் பதித்தது. ஒரு தளம் உண்மையானதா என்று கம்ப்யூட்டர் நம்புவது இத்தகைய சான்றிதழை வைத்துத்தான். எல்லா லேப்டாப்பிலும் அந்தச் சான்றிதழுக்கு ஒரே ரகசியச் சாவி! 2015 பிப்ரவரியில் கணினிப் பாதுகாப்பு ஆய்வாளர் ராபர்ட் கிரஹாம் அந்தச் சாவியின் பாஸ்வேர்டைக் கண்டுபிடித்தார்: 'கொமோடியா'. அந்தப் பகுதியைத் தயாரித்த நிறுவனத்தின் பெயரேதான். சாவி கைக்கு வந்தால், அதே வைஃபையில் இருக்கும் எவரும் அந்த லேப்டாப்புக்கு வங்கியாக வேடம் போடலாம்.

சம்மதம் சுதந்திரமானதாக, விவரம் அறிந்ததாக, தெளிவான செயலால் தரப்பட்டதாக இருக்க வேண்டும் என்கிறது நம் 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டம். முன்கூட்டியே போட்ட டிக் இதில் எதிலும் தேறாது என்பதே என் கருத்து.

ஆபீஸ் கம்ப்யூட்டரில் இப்படி ஏதாவது ஏறியிருந்தால், கன்ட்ரோல் பேனலில் நீக்குவதோடு விடாதீர்கள். பிரவுசர் எக்ஸ்டென்ஷன், நிரல்களைக் குறித்த நேரத்தில் தானாக ஓட்டும் டாஸ்க் ஷெட்யூலர், ரூட் சான்றிதழ் பட்டியல் மூன்றையும் பாருங்கள். சூப்பர்ஃபிஷை நீக்கிய பிறகும் அதன் சான்றிதழ் விண்டோசிலேயே தங்கியிருந்தது.