தறியை மறக்காத கால்கள்

குடியாத்தத்தில் ஒரு வீட்டுக்குப் பிசியோதெரபி செய்யப் போயிருந்தேன். பெரியவருக்கு 78 வயது, கைத்தறியில் லுங்கி நெய்தவர், இப்போது டிமென்ஷியா என்னும் மறதிநோய். "எக்சர்சைஸ் பண்ணுங்க மாமான்னு சொன்னாலே கையை ஓங்கறாருங்க" என்றார் மருமகள். பாவம், அவரும் ஓய்ந்துபோயிருந்தார்.

பெரியவருக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். "தறி மிதிக்கலாமா ஐயா?" என்று கேட்டு, என் கால்களை மாற்றி மாற்றி அழுத்தினேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம் அவர் கால்களும் மிதிக்கத் தொடங்கின. கை தானாக, தறியில் நாடாவை ஓட்டும் கயிற்றை இழுப்பதுபோல அசைந்தது. காலையில் சாப்பிட்டது நினைவில்லாதவர் அவர். மறதிநோயில் அண்மை நினைவுகள் முதலில் போகும். உடம்பில் ஊறிய வேலை பெரும்பாலும் வெகுநாள் தங்கும். அதனால் பயிற்சியை அந்த வேலையிலிருந்தே தொடங்குங்கள். பூ கட்டியவருக்குப் பூவும் நாரும் போதும். ஒரு நேரத்தில் ஒரே ஒரு சொல், கூடவே செய்து காட்டுங்கள். தினமும் அதே நேரம், அதே இடம். முரண்டுபிடித்தால் விட்டுவிட்டு, அரை மணி கழித்துக் கூப்பிடுங்கள்.

மனச்சோர்வு வேறு மாதிரி. காட்பாடியில் ஓர் அம்மா, கணவர் போனபின் கட்டிலை விட்டு இறங்கவில்லை. "எனக்கெதுக்குமா இதெல்லாம்" என்பார். மனசு வந்தபிறகு நடக்கலாம் என்று காத்திருந்தால் அது வரவே வராது; நடந்தால்தான் மெல்ல வரும். முதல் வாரம் வாசல்வரை மட்டும் போய் வந்தோம். "சும்மா படுத்தே கிடக்காதீங்க" என்று யாரும் சொல்ல வேண்டாம், கூட நடந்தால் போதும்.

இருவருக்கும் நான் தவறாமல் சொல்வது, நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது. சக்கரமில்லாத நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். ஐந்து முறையில் தொடங்கலாம். படுத்திருந்தவரை உடனே எழுந்து நிற்கவைக்காமல் ஓரிரு நிமிடம் உட்காரவையுங்கள். இல்லாவிட்டால் ரத்த அழுத்தம் சட்டென இறங்கி விழுந்துவிடலாம். 65 வயதுக்கு மேல் வாரம் 150 நிமிட மிதமான உடலுழைப்பும், மூன்று நாளாவது தடுமாறாமல் நிற்கும் பயிற்சியும் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்த எண்ணைப் பார்த்து மலைக்காதீர்கள், பத்து பத்து நிமிடமாகச் சேர்க்கலாம். நம் வேலூர் வெயிலுக்கு காலை ஏழு மணிக்குள் முடித்துவிடுங்கள்.

தொடங்கும் முன் மருத்துவரைப் பாருங்கள். மனச்சோர்வும், தைராய்டு, வைட்டமின் பி12 குறைபாடும்கூட மறதிபோலத் தெரியும். அவற்றுக்கு மருந்து உண்டு. நேற்றுவரை தெளிவாக இருந்தவர் திடீரென உளறினால் அன்றே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். வெளியே வர முடியாதவர்களுக்கு 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை (பிசியோதெரபி) தருகிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். சாவைப் பற்றிப் பேசினால் அதை வயதானவர் புலம்பல் என்று தள்ளாதீர்கள். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம். பார்த்துக்கொள்கிற மருமகளும் மகளும் அந்த எண்ணில் பேசலாம்.