பொண்ணு பெருசாகட்டும்னு ஹெச்பிவி ஊசியைத் தள்ளிப்போடாதீங்க

இந்த வாரமும் ஒருத்தங்க வந்தாங்க, நாப்பதைத் தாண்டினவங்க, மாசக்கணக்கா நாத்தத்தோட வெள்ளைப்படுது, சேர்ந்து இருந்தா ரத்தம் வருது, "வயசானா இப்படித்தான்னு விட்டுட்டேன் டாக்டர்"ங்கறாங்க. ஸ்பெக்குலம்ங்கற கருவி வச்சு உள்ள பார்த்தா கர்ப்பப்பை வாய்ல காலிஃபிளவர் மாதிரி சதை, லேசா பட்டதுமே ரத்தம் கொட்டுது. சதையைக் கொஞ்சம் எடுத்து டெஸ்ட் பண்ற பயாப்சிக்கு எழுதும்போதே என்ன வரப்போகுதுன்னு எங்களுக்குத் தெரியும்ங்க.

இந்தக் கேன்சரைத் தடுக்கற ஊசி 2006லயே வந்தாச்சு. கர்ப்பப்பை வாய் கேன்சர்ல 70 சதவீதத்துக்குக் காரணம் உடலுறவுல பரவுற ஹெச்பிவிங்கற வைரஸ்ல 16, 18ங்கற ரெண்டு வகைதான், எந்தக் கம்பெனி ஊசின்னாலும் இந்த ரெண்டையும் தடுக்கும். இருந்தும் 2022ல மட்டும் உலகம் முழுக்க சுமார் 3.5 லட்சம் பெண்கள் இதுல இறந்திருக்காங்க.

ஊசி போடலாமான்னு கேட்டா அம்மா என்ன பண்றாங்க, பொண்ணை வெளிய உக்காரச் சொல்லிட்டு குரலைத் தாழ்த்தி "என் பொண்ணு அந்த மாதிரி இல்ல டாக்டர், கல்யாணம் நிச்சயமாகட்டும், அப்பப் பார்த்துக்கலாம்"ங்கறாங்க. அம்மா, உங்க பொண்ணு எப்படிப்பட்டவன்னு யாரும் கேக்கலைங்க! இது வைத்தியம் பண்ற ஊசி இல்ல. உள்ள புகுந்துட்ட வைரஸை இது விரட்டாது, புகறதுக்கு முன்னாடி போட்டாத்தான் முழுப் பலன், அதனாலதான் 9ல இருந்து 14 வயசுக்குள்ளன்னு சொல்றோம். அந்த வயசுல உடம்புல எதிர்ப்பு சக்தியும் நல்லா உருவாகுது, ஒண்ணு இல்ல ரெண்டு டோஸே போதும். வாழ்நாள்ல ஒரே ஒருத்தரோட மட்டும் வாழ்ந்தவங்களுக்கும் இந்த வைரஸ் வரும், ஏன்னா அந்த ஒருத்தர்கிட்ட இருந்தாலே போதும், காண்டம் கூட முழுசா தடுக்காது. பெரும்பாலானவங்களுக்கு ரெண்டு வருஷத்துல தானா போயிடும். போகாம தங்கினதுதான் 15, 20 வருஷம் கழிச்சு கேன்சரா வந்து நிக்குது. ஊசி போட்டா பிள்ளைங்க கெட்டுப்போயிடுவாங்கங்கறதையும் பல நாட்டுல ஆராய்ஞ்சு பார்த்தாச்சு, அப்படி எதுவும் நடக்கல. இங்கிலாந்துல 12, 13 வயசுல போட்டுக்கிட்ட பொண்ணுங்ககிட்ட இந்தக் கேன்சர் 87 சதவீதம் குறைஞ்சதுதான் நடந்தது.

ஊசி போட்டா குழந்தை பிறக்காதுன்னு ஃபார்வர்ட் பண்றவங்க தயவுசெஞ்சு நிறுத்துங்க. ஊசில உயிருள்ள வைரஸே கிடையாது, மேல்கூடு புரதம் மட்டும்தான். கை வலிக்கும், லேசா காய்ச்சல் வரலாம். சில பிள்ளைங்க ஊசி போட்டதும் மயங்குவாங்க, அதனால 15 நிமிஷம் உக்கார வச்சு அனுப்புங்கன்னு நர்ஸுங்ககிட்ட நான் எப்பவும் சொல்றது. கர்ப்பமா இருந்தா பிரசவத்துக்கு அப்புறம் போட்டுக்கலாம். எச்ஐவி மாதிரி எதிர்ப்பு சக்தி குறைஞ்சவங்களுக்கு டோஸ் கணக்கு வேற, டாக்டர்கிட்ட கேட்டுக்கோங்க.

பையன்களுக்கும் போடலாம். தொண்டை, ஆசனவாய், ஆணுறுப்புல கேன்சர் வரவைக்கறதும் இதே வைரஸ்தான்.

கல்யாணமாயிடுச்சே, லேட்டாயிடுச்சான்னா, 26 வயசு வரைக்கும் தாராளமா போட்டுக்கலாம், அதுக்கு மேல 45 வரைக்கும் டாக்டர்கிட்ட பேசி முடிவு பண்ணுங்க, பலன் குறையும், அவ்ளோதான்.

ஊசி போட்டாச்சுன்னு டெஸ்ட்டை விட்டுடாதீங்க, எல்லா வகை வைரஸையும் ஊசி தடுக்காது. 30 வயசுக்கு மேல ஹெச்பிவி டெஸ்டோ, கர்ப்பப்பை வாய் செல்லை எடுத்துப் பார்க்கற பாப் ஸ்மியரோ ஏதோ ஒண்ணு பண்ணிக்கோங்க, அஞ்சே நிமிஷம்தான். மாதவிடாய் நின்ன அப்புறம் ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் கூச்சப்படாம உடனே வாங்கம்மா, நாங்க யாரும் உங்களைத் தப்பா நினைக்க மாட்டோம்.