பால் கக்கும் பிள்ளைக்கு எப்போது வைத்தியம் வேண்டும்?

‘கக்கின பிள்ளை தக்கும்’ என்று எங்கள் பக்கத்து ஆச்சிமார் சொல்வார்கள். பெரும்பாலான பிள்ளைகளுக்கு அது உண்மைதான். மிச்சமுள்ள சில பிள்ளைகளை எப்படி இனம் காண்பது, அந்த வீடு அடுத்த மாதங்களை எப்படிக் கடப்பது என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். செங்கோட்டையில் குழந்தை மருத்துவம் பார்ப்பதால் தென்காசி, கடையநல்லூர்ப் பிள்ளைகளும் வருகிறார்கள். மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தின் ஆரியங்காவு, தென்மலை, புனலூரிலிருந்து தமிழ் பேசும் குடும்பங்களும் வருகின்றன. கவலை எல்லாருக்கும் ஒன்றுதான். கைவைத்தியம் மட்டும் ஊருக்கு ஊர் மாறும்.

உணவுக்குழாய் இரைப்பையோடு சேரும் இடத்தில் வளையமாக ஒரு தசை இருக்கிறது. பால் உள்ளே இறங்கியதும் அது மூடிக்கொள்ள வேண்டும். பச்சைப்பிள்ளைக்கு அது அடிக்கடி தானாகவே தளர்ந்து, பால் மேலேறி வந்துவிடும்; இதுதான் எதுக்களிப்பு. உணவுக்குழாயின் நீளமும் குறைவு, சாப்பாடு முழுக்கப் பால், நாளெல்லாம் படுக்கை. அதனால் முதல் மூன்று நான்கு மாதங்களில் பாதிக்கும் மேற்பட்ட பிள்ளைகள் தினமும் ஒரு தடவையாவது எதுக்களிக்கின்றன. நான்காம் மாதம் வாக்கில் இது உச்சத்தில் இருக்கும். பிள்ளை உட்கார ஆரம்பித்து, கெட்டியான சாப்பாடும் உள்ளே போகத் தொடங்கினால் குறையும். ஒரு வயதுக்குள் பத்தில் ஒன்பது பிள்ளைகளுக்கு நின்றுவிடும்.

துண்டில் பரவிய பாலைப் பார்த்துத்தான் எல்லாரும் பயப்படுகிறார்கள். 5 மில்லி பாலை ஒரு துணியில் ஊற்றிப் பாருங்கள், எவ்வளவு தூரம் பரவுகிறதென்று தெரியும். நான் பார்ப்பது எடையை. பிறந்தபோது இருந்த எடையை இரண்டு வாரத்துக்குள் எட்டிப்பிடித்து, அதற்குப்பின் முதல் மூன்று மாதம் நாளொன்றுக்கு 20 முதல் 30 கிராம் ஏறுகிறதா? ஒரு நாளில் ஆறு தடவையாவது சிறுநீர் போகிறதா? கக்கிவிட்டு முகம் தெளிந்து விளையாடுகிறதா? மூன்றுக்கும் ஆம் என்றால் அந்தப் பிள்ளைக்கு மருந்து எழுதமாட்டேன். எடை பார்ப்பதிலும் ஒரு கவனம் வேண்டும். புனலூரில் ஒரு தராசு, இங்கே அங்கன்வாடியில் ஒரு தராசு, ஒரு தடவை ஸ்வெட்டரோடு, மறு தடவை வெறும் உடம்போடு என்று பார்த்தால் 200 கிராம் சுலபமாகக் கூடும், குறையும். அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. ஒரே தராசு, உடுப்பும் டயப்பரும் இல்லாமல், வாரம் ஒரு முறை, அட்டையில் தேதி போட்டுக் குறித்து வையுங்கள்.

நோயாக மாறிய எதுக்களிப்பு வேறு மாதிரி இருக்கும். பசியோடு மார்பில் வாய் வைத்துவிட்டு நாலு வாய் உறிஞ்சியதும் முதுகை வில்லாக வளைத்து வீரிடும். கழுத்தைப் பின்னால் திருப்பிக்கொள்ளும். பால் குடிக்கவே மறுக்கும். எடை நின்றுபோகும் அல்லது இறங்கும். புரையேறும், இருமல் விடாது, திரும்பத் திரும்ப நெஞ்சுச்சளி கட்டும். குறைமாதத்தில் பிறந்தவர்களுக்கும், மூளை நரம்புக் கோளாறு உள்ளவர்களுக்கும், உணவுக்குழாயில் அறுவை சிகிச்சை ஆனவர்களுக்கும் இது கூடுதலாக வரும்.

இவற்றைவிட அவசரமானவை சில. வாந்தி பச்சையாக வந்தால் அது பித்தம், குடல் முறுக்கிக்கொண்டிருக்கலாம். விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. 108ஐ அழையுங்கள், இரு மாநிலத்திலும் அதே எண்தான். குழந்தைகளுக்கு அறுவை சிகிச்சை செய்யும் வசதியுள்ள இடத்துக்குப் போக வேண்டும்: திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி அல்லது திருவனந்தபுரம் எஸ்.ஏ.டி. மருத்துவமனை. இரண்டு வாரத்துக்கும் இரண்டு மாதத்துக்கும் இடைப்பட்ட பிள்ளை, குறிப்பாகத் தலைச்சன் ஆண்பிள்ளை, ஒவ்வொரு தடவை குடித்ததும் பீய்ச்சி அடித்துவிட்டு உடனே பசியில் அழுதால் இரைப்பையிலிருந்து குடலுக்குப் போகும் வாய் அடைத்திருக்கலாம். ஸ்கேனில் தெரிந்துவிடும், அறுவை சிகிச்சையில் சரியாகும். ரத்தம் கலந்த வாந்தி, வயிறு உப்பல், காய்ச்சல், உச்சிக்குழி புடைப்பு, துவண்டு கிடத்தல், மூச்சு நின்று நின்று வருதல், ஆறு மாதத்துக்குப்பின் புதிதாகத் தொடங்கிய வாந்தி: இவை எதையும் எதுக்களிப்பு என்று விட்டுவிடாதீர்கள்.

வீட்டில் செய்ய வேண்டியதுதான் வைத்தியத்தின் பெரும்பகுதி. முதலில் அரைஞாண் கயிற்றைப் பார்ப்பேன். வயிற்றில் தடம் பதியும் அளவுக்கு இறுகியிருந்தால் தளர்த்தச் சொல்வேன். டயப்பரும் அப்படியே. அடுத்தது குளிப்பாட்டு. காலில் குப்புறப் போட்டு, வயிற்றை அமுக்கி, சளி எடுக்கிறேன் என்று வாய்க்குள் விரல் விட்டு, மூக்கில் ஊதி… பால் குடித்த கையோடு இதெல்லாம் நடந்தால் எந்தப் பிள்ளையும் கக்கும். பால் கொடுக்கும் முன்பு குளிப்பாட்டுங்கள்; விரலும் ஊதலும் எப்போதுமே வேண்டாம். சாரல் மாதங்களில் துணி காயாது, வீடு ஈரம் என்று சாம்பிராணிப் புகை கூடுதலாகப் போடுவார்கள். இருமல் உள்ள பிள்ளைக்கு அந்தப் புகை ஆகாது. பீடி, சிகரெட் புகை இன்னும் கெடுதல்.

பால் குடித்ததும் தோளில் சாய்த்து, 20 முதல் 30 நிமிடம் நிமிர்த்தி வைத்திருங்கள். மடியில் உட்காரவைத்தால் வயிறு மடிந்து பால் மேலே வரும். சேலைத் தொட்டிலிலும் உடம்பு மடங்கும், தாடை நெஞ்சில் அழுந்தும். ஏப்பம் விடும் முன்பே தொட்டிலில் போடாதீர்கள். தூக்கம் எப்போதும் மல்லாந்து, சமதளத்தில், தலையணை இல்லாமல். கக்கினால் மூச்சுக்குள் போய்விடாதா என்று கேட்காத ஆச்சி இல்லை. மல்லாந்து கிடக்கும்போது மூச்சுக்குழாய் மேலும் உணவுக்குழாய் கீழும் இருக்கும்; பால் மேடேறித்தான் மூச்சுக்குழாய்க்குப் போக முடியும். குப்புறப் போட்டால் மூச்சுக்குழாய் கீழே வந்துவிடும். தூக்கத்தில் நிகழும் திடீர் மரணமும் குப்புறப் படுக்கும் பிள்ளைகளிடம்தான் அதிகம்.

தாய்ப்பாலை நிறுத்தவே வேண்டாம். கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி கொடுங்கள். பிள்ளை மார்பைச் சரியாகக் கவ்வுகிறதா என்று தெரிந்த நர்ஸிடம் காட்டுங்கள், காற்றை விழுங்குவது குறையும். பவுடர் பால் என்றால் டப்பாவில் போட்ட அளவுக்கு மேல் கெட்டியாகக் கரைக்காதீர்கள். சங்கில் ஊற்றுகிறவர்கள் படுக்கவைத்து ஊற்றக் கூடாது. பால் தங்கட்டும் என்று மூன்று மாதத்திலேயே கூவரகும் (கேழ்வரகு) ஏத்தங்காய்ப் (நேந்திரங்காய்) பொடியும் கொடுக்கிற வழக்கம் கேரளப் பக்கம் உண்டு. அவை நல்ல உணவுகள்தான், ஆறு மாதம் முடிந்தபின். தேனில் வசம்பு குழைத்து நாக்கில் தடவுவது இரு பக்கமும் உண்டு. ஒரு வயதுக்குள் தேன் துளிகூட வேண்டாம்; தசைகளைச் செயலிழக்க வைக்கும் பொட்டுலிசம் கிருமி அதில் இருக்கலாம். உரம் எடுக்கிறேன் என்று சேலையில் போட்டு உருட்டுவதும், வயிற்றில் ஏதோ சிக்கியிருக்கிறது என்று தொக்கம் எடுப்பதும் இந்த நோய்க்கு ஒரு பயனும் தராது, பிள்ளைக்கு அடிபடும்.

இத்தனையும் செய்தும் அழுகையும் எடையும் மாறவில்லையென்றால் பசும்பால் ஒவ்வாமையை யோசிப்பேன். மலத்தில் ரத்தக் கீற்று, தோலில் சொரசொரப்பான தடிப்பு இருந்தால் சந்தேகம் கூடும். தாய் சாப்பிடும் பால் புரதம் தாய்ப்பால் வழியாகப் பிள்ளைக்குப் போகிறது. ஆகவே தாய் இரண்டு முதல் நான்கு வாரம் பால், தயிர், மோர், பால்கோவா, பால் சேர்த்த பிஸ்கட், ஊட்டச்சத்துப் பவுடர் எல்லாவற்றையும் விட வேண்டும். டீ வேண்டுமென்றால் பால் சேர்க்காத கட்டன் சாயா. ஆட்டுப்பாலும் எருமைப்பாலும் மாற்று ஆகாது, புரதம் ஏறக்குறைய ஒன்றுதான். பாலில் கிடைக்கும் சுண்ணாம்புச்சத்துக்கு ஈடாகக் கேழ்வரகு, எள்ளு, முருங்கைக்கீரை, முள்ளோடு நெத்திலி, கூடவே சுண்ணாம்புச்சத்து மாத்திரை. மாற்றம் தெரிந்தால் மறுபடி பால் சாப்பிட்டுப் பார்த்து உறுதி செய்ய வேண்டும். தெரியாவிட்டால் தாயின் சாப்பாட்டில் எதையும் குறைக்க வேண்டியதில்லை. மீனும் பருப்பும் பிள்ளைக்கு ஆகாது என்று அவளைப் பட்டினி போடுவதை நான் ஒத்துக்கொள்வதில்லை.

மருந்து அதற்கும் பிறகுதான். அமிலத்தைக் குறைக்கும் ஒமிப்ரசோல் வகையை, நோய் என்று தெளிவாகத் தெரியும் பிள்ளைக்கு, எடைக்கேற்ற அளவில், நான்கு முதல் எட்டு வாரம் கொடுத்துப் பார்த்து நிறுத்த வேண்டும். வெறுமனே கக்குவதற்கும் அழுவதற்கும் அது உதவாது. வயிற்றுப்போக்கும் நிமோனியாவும் வரும் வாய்ப்பைக் கூட்டும். வாந்தியை நிறுத்தக் கொடுக்கும் டோம்பெரிடோன் சொட்டு மருந்தைப் பற்றித்தான் எனக்கு அதிக வருத்தம். பிரசவத்துக்கு அம்மா வீடு அந்தப் பக்கம், பிறகு புகுந்த வீடு இந்தப் பக்கம் என்று வரும் பிள்ளைகளின் பையில் இரண்டு சொட்டுப் புட்டிகள் இருப்பதைப் பார்க்கிறேன். பெயர் வேறு, உள்ளே இருப்பது அதே டோம்பெரிடோன். இரண்டையும் சேர்த்துக் கொடுப்பதால் அளவு இரட்டிப்பாகிறது. இதயத் துடிப்பின் ஒழுங்கைக் கெடுக்கக்கூடிய மருந்து அது. குழந்தைகளின் எதுக்களிப்புக்கு அதைப் பரிந்துரைக்க முடியாது என்று வட அமெரிக்க, ஐரோப்பியக் குழந்தை இரைப்பைக் குடல் மருத்துவச் சங்கங்கள் 2018இல் சேர்ந்தே எழுதின. புட்டியின் பெரிய எழுத்தை விட்டுவிட்டு அடியில் இருக்கும் மருந்தின் பெயரைப் படியுங்கள், அல்லது என்னைப் போன்றவர்களிடம் புட்டியோடு காட்டுங்கள்.

கடுமையாக எதுக்களிக்கும் பிள்ளையின் தாய் தூங்குவதில்லை. ஒவ்வொரு தடவை பால் கொடுத்தபின்னும் அரைமணி நேரம் நிமிர்த்திப் பிடித்து, துணி மாற்றி, கண்ணயரும்போது அடுத்த பசி. பிடித்துக்கொள்ளும் அந்த அரைமணி நேரத்துக்குத் தாய்தான் வேண்டும் என்பதில்லை. இரவில் ஒரு முறை அப்பா, விடியற்காலையில் ஆச்சி என்று வீட்டில் பங்கு பிரியுங்கள். தந்தைமாரிடம் இதை நேரிலேயே கேட்கிறேன், பலரும் மறுப்பதில்லை; யாரும் கேட்டதில்லை என்பதுதான் அவர்கள் பதில். அழுகை தாங்காமல் ஆத்திரம் வந்தால் பிள்ளையைப் பாயில் மல்லாத்திவிட்டு வெளியே போய் நில்லுங்கள்; பிள்ளையைக் குலுக்கிவிடவே கூடாது. எதிலும் மனம் ஒட்டவில்லை, காரணமில்லாமல் அழுகை வருகிறது, சாகலாம் போலிருக்கிறது என்றால் அதுவும் வைத்தியம் உள்ள நோய்தான். 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் எந்த நேரமும் தமிழிலும் மலையாளத்திலும் பேசலாம், காசு கிடையாது. பிள்ளையின் எடையைப் பார்க்க வரும்போது அதை என்னிடமும் சொல்லுங்கள்.