ஆய்வுக் கட்டுரையை எங்கிருந்து படிக்கத் தொடங்குவது?

தடுப்பூசிக்காகக் குழந்தையைக் கூட்டிவரும் பெற்றோரில் சிலர், கைபேசியில் ஓர் ஆய்வுக் கட்டுரையையும் கொண்டுவருகிறார்கள். "டாக்டர், லான்செட்லயே வந்திருக்கு" என்பார்கள், பெயர்பெற்ற பிரிட்டிஷ் மருத்துவ இதழைச் சொல்லி. நான் அதை ஒதுக்குவதில்லை. மூலத்தையே தேடிப் பார்ப்பது நல்ல பழக்கம். ஆனால் பலரும் தலைப்பையும் சுருக்கத்தையும் படித்ததோடு நிறுத்திவிடுகிறார்கள். ஆய்வுக் கட்டுரைகளைக் கூடிப் படித்து விவாதிக்கும் ஜர்னல் கிளப்பில் முதுநிலை மருத்துவ மாணவர்களும் அப்படித்தான்.

சுருக்கம், முன்னுரை, முறை, முடிவுகள், விவாதம் என்பதே மருத்துவ ஆய்வுக் கட்டுரையின் வழக்கமான அமைப்பு. 'முடிவுகள்' பகுதியில் அளந்து கண்டது இருக்கும். அதற்கு ஆசிரியர்கள் கொடுக்கும் விளக்கம் 'விவாத'த்தில் வரும். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. நான் முதலில் திறக்கச் சொல்வது, ஆய்வை எப்படிச் செய்தார்கள் என்று சொல்லும் 'முறை'யை.

பெற்றோர் காட்டும் அந்தக் கட்டுரையையே எடுத்துக்கொள்வோம். தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா மூன்றுக்குமான எம்.எம்.ஆர். தடுப்பூசியை ஆட்டிசத்தோடு சேர்த்துப் பேசவைத்த கட்டுரை அது. லண்டனில் ஆண்ட்ரூ வேக்ஃபீல்ட் என்ற மருத்துவரும் வேறு 12 பேரும் எழுதி, 1998 பிப்ரவரியில் வெளியானது. மொத்தம் ஐந்தே பக்கம்.

ஆய்வில் இருந்தவர்கள் 12 குழந்தைகள். ஒப்பீட்டுக் குழு கிடையாது. அவர்களில் எட்டுப் பேரின் பெற்றோர், தடுப்பூசிக்குப் பிறகுதான் நடத்தை மாறியது என்று நினைவிலிருந்து சொன்னார்கள். அன்று பிரிட்டனில் பத்தில் ஒன்பது குழந்தைகளுக்கு மேல் இந்த ஊசி போடப்பட்டது. ஆட்டிசத்தின் அறிகுறிகளும் பெரும்பாலும் ஊசி போடும் அந்த வயதை ஒட்டியே பெற்றோர் கண்ணில் படும். ஆகவே ஊசிக்கும் ஆட்டிசத்துக்கும் சம்பந்தமே இல்லாவிட்டாலும் இப்படிப்பட்ட 12 குழந்தைகளைக் கண்டுபிடித்துவிடலாம். ஊசி போடாத குழந்தைகளோடு ஒப்பிடாமல் எதுவும் சொல்ல முடியாது.

கல்விசார் எழுத்தின் இன்னொரு இயல்பு அதன் தயக்கம். 'இருக்கலாம்', 'தொடர்பு காணப்படுகிறது', 'மேலும் ஆய்வு தேவை' என்றெல்லாம் வரும். சான்றின் எல்லை எதுவரை என்று சொல்லும் சொற்கள் இவை, வெறும் சம்பிரதாயம் என்று தாண்டிப் போகக் கூடாது. இந்தக் கட்டுரையே, தடுப்பூசிக்கும் தாங்கள் விவரித்த நிலைக்கும் தொடர்பு இருப்பதை நிரூபிக்கவில்லை என்று எழுதியிருக்கிறது! செய்தியாளர் சந்திப்பிலோ வேக்ஃபீல்ட் அந்த எல்லையைத் தாண்டி, மூன்று ஊசிகளையும் தனித்தனியாகப் போட வேண்டும் என்றார். ஊருக்குப் போய்ச் சேர்ந்தது அதுதான். தடுப்பூசி போடுவது குறைந்து, 2003-04இல் 80 சதவீதத்தை ஒட்டி வந்தது. தட்டம்மை திரும்பியது. எனக்கு இன்னமும் ஆறாத விஷயம் இது.

அப்புறம், பணம் யாருடையது? தடுப்பூசி நிறுவனங்கள் மீது வழக்குத் தொடுக்கும் தரப்புக்காக வேக்ஃபீல்ட் நிதி பெற்றிருந்தது கட்டுரையில் சொல்லப்படவில்லை. 2004இல் அது வெளிவந்த பிறகு, ஆசிரியர்கள் 13 பேரில் 10 பேர் தங்கள் விளக்கத்தைத் திரும்பப் பெற்றார்கள். 2010 பிப்ரவரியில் லான்செட் கட்டுரையையே திரும்பப் பெற்றது. குழந்தைகள் தேர்வின்றி வரிசையாக வந்தவர்கள் என்பதும், ஆய்வு நெறிப்படி நடக்கிறதா என்று பார்க்கும் நெறிக்குழுவின் ஒப்புதல் இருந்தது என்பதும் பொய் என்று உறுதியானதே காரணம். இரண்டுமே 'முறை'யைப் பற்றியவை என்பதைக் கவனியுங்கள்.

நமக்குப் பிடித்த முடிவைச் சொல்லும் ஆய்விடமும் இதே கேள்விகளைக் கேட்க வேண்டும். டென்மார்க்கில் 5,37,303 குழந்தைகளைப் பற்றிய ஆய்வு 2002இல் வந்தது. ஊசி போட்டவர்களுக்கு ஆட்டிச ஆபத்து கூடவில்லை. ஆனால் யாருக்கு ஊசி என்பதைக் குலுக்கல் முறையில் தீர்மானிக்கவில்லையே, இரு பிரிவினரும் வேறு வகையிலும் மாறுபட்டிருக்கலாமே என்று ஒருவர் கேட்டால், அது நியாயமான கேள்வி. வயது, பிறப்பு எடை, தாயின் கல்வி போன்றவற்றைக் கணக்கில் எடுத்தும் முடிவு மாறவில்லை. பின்னால் வந்த பெரிய ஆய்வுகளும் அதையே காட்டின.

ஒரு கட்டுரை வாட்ஸ்அப்பில் வந்தால், அதன் தலைப்பை, மருத்துவ ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித்தரும் பப்மெட் தளத்தில் தேடிப் பாருங்கள், இலவசம்தான். திரும்பப் பெறப்பட்டிருந்தால் அங்கே குறிப்பு இருக்கும். யாரோ எப்போதோ தரவிறக்கி அனுப்பிய பழைய பிடிஎஃப்பில் அந்தக் குறிப்பு இருக்காது.